வாத்து மூக்கு டைனோசருக்குள் நடந்தவளுக்கு

என் மெர்சி,

இந்த ஊரில் உன்னைப் பார்த்துக் கைதட்டியவர்கள் ஏராளம். உன் முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பட்டுக்கடைத் திறப்பு விழாக்களிலும் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களிலும் பச்சையும் பழுப்புமாக அசைந்து வந்த அந்த வாத்து மூக்கு டைனோசரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டவர்களுக்கு, அதன் முன்னங்கால்களில் நடந்தவள் நீ என்று தெரியாது. அதனால்தான் இதை உனக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உன் மகள் ரூத் நன்றாக இருக்கிறாள். நீ முதலில் அதைத்தான் கேட்பாய் என்று தெரியும், அதனால் முதலில் சொல்லிவிட்டேன். எங்கே இருக்கிறாள், அங்கே எப்படி வந்து சேர்ந்தாள் என்பதற்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

நாம் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தையல் யூனிட்டில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவர்கள். ஐயம்பேட்டையில் பக்கத்துப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரே ஷேர் ஆட்டோவில் வருவோம், பெரும்பாலும் என் வீட்டுக்காரர் சேகருடைய ஆட்டோ. விழா ஏற்பாடு செய்கிற ஒருவர் வந்து, பட்டுக்கடைத் திறப்பு விழாவுக்கு டைனோசர் உடை ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். பல் வைத்தது, வாய் திறந்து மூடுவது. நீ ஃபோம் வெட்டி, ரெக்சின் ஒட்டி, பார்க்கவே பயமாக ஒன்றைச் செய்துவிட்டாய். திறப்பு விழா அன்றைக்கு அதைப் போட்டுக்கொள்ள வேண்டிய ஆள் வரவில்லை. நீயே போட்டுக்கொண்டாய்.

அன்றைக்கு நடந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கடை வாசலில் பேண்டு வாசிக்கிறார்கள். ஸ்பீக்கரிலிருந்து கர்ஜனை வருகிறது. பலூன் வைத்திருந்த ஒரு பெண் குழந்தை உன்னைப் பார்த்து வீறிட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடியது. பஸ் வருகிற ரோடு. யாரோ எட்டிப் பிடித்தார்கள். நீ அந்த இடத்திலேயே டைனோசர் தலையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, வேர்வையில் முடி ஒட்டிய முகத்தோடு குழந்தை முன்னால் மண்டியிட்டாய்.

"பயப்படாத கண்ணு. இது துணிதாம்மா. பாரு, உள்ள நான்தான் இருக்கிறேன். தொட்டுப் பாரு."

குழந்தை தொடவில்லை. ஏற்பாட்டாளர் எல்லோர் முன்னாலும் கத்தினார். "மூஞ்சியக் காட்டிட்டா அப்புறம் இன்னாமா இருக்குது இதுல?"

திரும்பி வரும்போது ஆட்டோவில் டைனோசர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாய். பிறகு என்னைக் கேட்டாய். "ஏங்க்கா, இதுங்க எல்லாமே கடிக்கிறதுங்கதானா? கூட்டமா மேஞ்சிக்கினு, புள்ளங்கள வெச்சிக் காப்பாத்திக்கினு இருந்தது ஒண்ணுகூடவா இல்ல?"

எனக்கு என்ன தெரியும்? எனக்கு டைனோசர் என்றாலே பல்தான்.

அந்தக் கேள்வியை நீ விடவில்லை. ரூத்தின் அறிவியல் டீச்சரிடம் புத்தகம் வாங்கிப் படித்தாய். போனில் வீடியோ பார்த்தாய், புரியாத இங்கிலீஷை ரூத்தை விட்டுச் சொல்லச் சொன்னாய். மெஷின் ஓடும்போது எனக்குக் கதை சொன்னாய். அமெரிக்காவில் ஒரு வாத்து மூக்கு டைனோசர். அதன் பெயருக்கே நல்ல அம்மா என்று அர்த்தம். மண்ணைக் கிண்ணம் மாதிரி குழித்துக் கூடு கட்டும். ஒரு கூட்டுக்கும் அடுத்த கூட்டுக்கும் நடுவில் ஒரு அம்மா உடம்பின் நீளத்துக்கு இடம் விட்டிருக்கும். ஒன்று திரும்பினால் இன்னொன்றின் முட்டை மேல் கால் படக்கூடாது இல்லையா? கூட்டுக்குள் கிடைத்த குஞ்சுகளின் கால் எலும்பு இன்னும் முற்றவில்லை. ஆனால் பல் தேய்ந்திருந்தது.

"நடக்க முடியாதது எப்படிக்கா தழையத் தின்னும்? யாரோ கொண்டாந்து ஊட்டியிருக்காங்க!" என்று சொல்லிவிட்டு நீ மெஷினை நிறுத்திவிட்டாய். உன் கண் கலங்கியிருந்தது. ரூத்தின் அப்பா உங்களை விட்டுப் போனபோது அவள் கைக்குழந்தை. நீ தனியாக ஊட்டி வளர்த்தவள். நான் காலர் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

நான் ஒரு தடவை, தழை தின்கிறது எல்லாம் சாது என்று சொன்னேன். நீ சிரித்தாய். "மாடு தழைதான் தின்னுது. கன்னுக்குட்டிகிட்டப் போய்ப் பாருங்க, சாதுவா இல்லியான்னு சொல்லும்." கொம்பு வைத்ததுகள் கூட்டமாக இருந்தன, கொண்டை வைத்ததுகள் உள்ளே குழாய் மாதிரி இருக்கும் கொண்டை வழியாக ஊதி ஒன்றை ஒன்று கூப்பிட்டிருக்கலாம் என்கிறார்கள், நீள் கழுத்துக்காரர்கள் பக்கம் பக்கமாக ஒரே திசையில் நடந்த கால் தடம் கல்லில் பதிந்திருக்கிறது. இதெல்லாம் எனக்கு உன்னிடமிருந்து வந்தது. தெரிந்ததைத் தெரியும் என்பாய், தெரியாததைத் தெரியாது என்பாய். 'இருக்கலாம்' என்ற சொல்லை நீ விழுங்கியதே இல்லை.

அப்படித்தான் நம் வாத்து மூக்கு பிறந்தது. இரண்டு பேர் உள்ளே நடக்கிற நாலு கால். நீ முன்னால், நான் பின்னால். பற்களும் இல்லை, கர்ஜனையும் இல்லை. வளைந்த பி.வி.சி. குழாய் ஒன்றை ஊதுவாய், அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு கூப்பாடு. குழந்தைகள் முதலில் சிரிப்பார்கள், பிறகு கிட்டே வருவார்கள். குழந்தைகளுக்கென்று வால் மட்டும் தைத்து வைத்திருந்தாய். கட்டிக்கொண்டால் அவர்களும் மந்தையில் சேர்ந்துவிடுவார்கள். கடைசியில் சின்னப் பிள்ளைகளை நடுவில் நிறுத்தி, பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் டீச்சர்களையும் வெளியில் பார்த்தபடி சுற்றி நிற்க வைப்பாய்.

"பெரியவங்க வெளியில, சின்னவங்க நடுவுல. அதுங்க இப்படித்தான் நின்னுதான்னு யாரும் பாத்ததில்ல. ஆனா நாம நிக்கலாம்." அதைச் சொல்லித்தான் நிகழ்ச்சியை முடிப்பாய்.

உனக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் தெரிந்தது டாக்டருக்கு இல்லை, எனக்கு. அந்தத் துணிக்குள் எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் முதுகுதான். உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். ஒரு நாள் உன் நடை மாறியது. வலது பக்கம் சாய்ந்து, மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டாய்.

"இன்னா மெர்சி, நின்னுடலாமா?"

"ஒண்ணும் இல்லக்கா. புள்ளங்க வெய்ட் பண்ணுதுங்க, நடங்க."

நடந்தோம். அதற்கு அப்புறம் ஸ்கேன், சென்னை பெரிய ஆஸ்பத்திரி, கட்டி, மருந்து, முடி கொட்டியது. அதையெல்லாம் இங்கே எழுத மனம் இல்லை. நீயும் விரும்ப மாட்டாய். கடைசி வாரத்தில் உன் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ எதை எதையோ பேசினாய். வாலில் தையல் விட்டிருக்கிறது என்று சொன்னாய். சேகருக்குச் சர்க்கரை பார்க்கச் சொன்னாய். ரூத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன். நீ ஏன் சொல்லவில்லை, மெர்சி?

சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பிடி இருந்திருக்கும். கல்லறையில் மண் போட்டு முடித்த கையோடு உன் தம்பி டேவிட் ரூத்தின் பையைத் தூக்கிக்கொண்டு ஆவடிக்குக் கூட்டிப் போனார். அவரைக் குறை சொல்லவே முடியாது. தாய்மாமன். அக்கா பெண்ணை விட்டுவிட்டுப் போகிறவர் இல்லை அவர். அவர் மனைவி முழுகாமல் இருந்தாள், வீடு சின்னது, ஆனாலும் அழைத்துப் போனார். நான் தெருவில் நின்று பார்த்தேன். தடுக்க நான் யார்? பக்கத்து வீட்டுக்காரி. வேறு சாதி, வேறு சாமி.

உடையை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். ரூத் முதலில் தினமும் சாயங்காலம் மாமா போனில் கூப்பிடுவாள். ஸ்கூலைப் பற்றி, பெஞ்சில் பக்கத்துப் பெண்ணைப் பற்றிச் சொல்வாள். போகப் போகப் பேச்சு குறைந்தது. "சாப்டியா?" "ம்." "படிக்கிறியா?" "ம்." யாரும் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. டேவிட்டே ஒரு நாள் போனில் கவலைப்பட்டார். "எது குடுத்தாலும் சரின்னுதுக்கா. வேணாம்னே சொல்ல மாட்டேங்குது. அதான் பயமா இருக்குது."

அரையாண்டு லீவுக்கு அவரே அவளை இங்கே கொண்டு வந்து விட்டார். கிறிஸ்துமஸுக்கு உன் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் என்று அவள் ஒன்றுதான் கேட்டாளாம். எங்கள் மகன் வேலைக்கு ஓசூர் போன பிறகு காலியாகக் கிடந்த அறையில் படுக்கை போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஐயம்பேட்டைப் பக்கத்து நர்சரிப் பள்ளி ஒன்றிலிருந்து போன் வந்தது. புத்தாண்டு விழாவுக்கு டைனோசர் வேண்டுமாம். உனக்கு நேர்ந்தது அவர்களுக்குத் தெரியாது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ரூத் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வரோம்னு சொல்லுங்க பெரிம்மா."

"யாரு வருவா? அம்மா இல்லியே."

"நீங்க முன்னால நடங்க. நான் பின்னால நடக்கறேன்."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி மாதங்கள் ஆகியிருந்தன. நான் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

மெர்சி, முன்னால் நடப்பது இவ்வளவு கஷ்டம் என்று நீ ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? அந்தத் தலை கழுத்தை அழுத்துகிறது. தொண்டைப் பக்கத்து வலை வழியாகத் தெரிவதெல்லாம் தரையும் சின்னச் சின்னச் செருப்புகளும்தான். குழந்தைகள் ஓடி வந்து மூக்கைக் கட்டிக்கொண்டால் மூச்சு முட்டுகிறது. பின்னால் நடந்த நாளில் எனக்கு வெறும் வேர்வைதான் இருந்தது. ரூத் என் இடுப்பைப் பிடித்திருந்தாள். இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நடந்து முடித்ததும், நீ பேசுகிற இடம் வந்தது. நான் என்ன பேசுவேன்? உள்ளே தடுமாறி நின்றேன். பின்னாலிருந்து துணி விலகியது. ரூத் வெளியே போய் மைக்கை வாங்கிக்கொண்டாள். நீ சொல்வதையெல்லாம் அவள் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறாள். கூடு, முட்டை, தேய்ந்த பல், எல்லாம் சொன்னாள். பிறகு கிளி மூக்கு டைனோசருக்கு வந்தாள்.

"சீனாவில ஒரு கல்லுல குட்டிக் குட்டியா நெறைய எலும்பு கெடச்சுது. எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கினு இருந்துது. கூட கொஞ்சம் பெருசா ஒண்ணு. மொதல்ல அதுதான் அம்மான்னு நெனச்சாங்க. அப்புறம் பாத்தா அதுவே இன்னும் வளந்து முடியல. அது அம்மாவா இருக்க முடியாது. ஆனா கூடவே இருந்துது. அது பாத்துக்கினு இருந்திருக்கலாம்."

'இருக்கலாம்' என்பதை அவளும் விடவில்லை.

முன் வரிசையில் இருந்த ஒரு வாண்டு எழுந்து கேட்டது. "அப்ப அதுங்களோட அம்மா எங்க போச்சு?"

டீச்சர்கள் சிலருக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. ரூத் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். நான் அந்தத் தலைக்குள் அவள் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியாது," என்றாள். "செத்துப் போயிருக்கலாம். அது கல்லுல இல்ல."

"அப்ப யாரு ஊட்னாங்க?"

பெரியவர்கள் சிரித்தார்கள். ரூத் சிரிக்கவில்லை. "கூட இருந்தவங்கதான்," என்றாள். பிறகு நீ செய்வது போலவே சின்னப் பிள்ளைகளை நடுவில் கூப்பிட்டு நிறுத்தினாள். எனக்குக் கண்ணீரைத் துடைக்கக் கைகூட உள்ளே வரவில்லை.

லீவு முடிந்து அவளை அழைத்துப் போக அன்றைக்கு வந்த டேவிட், ஹாலின் கடைசியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும், "பையை எடுத்து வைம்மா, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார். ரூத் ஒரு வார்த்தை எதிர்க்காமல் எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். அந்த அமைதியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, அவ இங்கயே இருந்து படிக்கட்டுமே," என்று கேட்டுவிட்டேன்.

டேவிட் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "எனக்கும் தோணாம இல்லக்கா. ஆனா அக்கா போனதும் புள்ளய அடுத்த வீட்ல தள்ளிட்டான்னு எங்காளுங்க பேச மாட்டாங்களா?"

நேரம் பார்த்து என் மூத்தார் வந்திருந்தார், சேகரின் அண்ணன். ஊரில் நிலம் வைத்திருப்பவர், நாலு பேருக்கு நியாயம் சொல்பவர். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துச் சொன்னார். "அவங்காளுங்க பேசறது இருக்கட்டும். நம்ம வீட்ல நாளைக்கி நல்லது கெட்டதுன்னா சொந்தக்காரங்க உள்ள வர வேணாமா? அவங்க யாரு, நாம யாரு? வெளயாட வந்தா பரவால்ல. தங்கி, அடுப்பங்கரையில பொழங்கினு இருந்தா?"

டேவிட் எழுந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே துணி மடிக்கிற சத்தம் நின்றது.

சேகரைப் பற்றி உனக்குத் தெரியும். அண்ணன் முன்னால் உட்காரவே மாட்டார், பேசுவது எங்கே? அன்றைக்கு வாசற்படியில் நின்றபடியே பேசினார்.

"அண்ணே, அந்தப் பொண்ணு பொறந்ததுலேருந்து இந்த வீட்லதான் சாப்புடுது. அப்பல்லாம் நீங்களும் வந்து சாப்ட்டுப் போனீங்க. இன்னா கொறஞ்சி போச்சு?"

"டேய், நான் சொல்றது..."

"வரவங்க வரட்டும்ணே. வராதவங்களுக்கு நான் ஆட்டோ அனுப்பப் போறதில்ல."

மூத்தார் நான் கொடுத்த காபியைத் தொடாமல் போனார். பொங்கலுக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. சேகர் அதற்காக வருத்தப்படுகிறார், எனக்குத் தெரியும். அவர் வண்டி ஓட்டிக்கொண்டு அண்ணன் வீட்டு வழியாகப் போகும்போது வேகத்தைக் குறைக்கிறார். ஆனால் ரூத் முன்னால் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

டேவிட் ரூத்தைக் கூப்பிட்டு, "நீ சொல்லு பாப்பா. உனக்கு எங்க இருக்கணும்?" என்று கேட்டார். நம் பெண் அழவில்லை. யோசித்தாள்.

"ஸ்கூலு இங்க. லீவு அங்க. அத்தைக்குப் பாப்பா பொறந்தா நான் தூக்கணும் மாமா. என்னை விட்றாதீங்க."

அழுதது டேவிட்தான். அவ்வளவு பெரிய ஆள், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

இப்போது சொல்கிறேன் கேள். ரூத் அவளுடைய பழைய பள்ளிக்கே திரும்பிவிட்டாள். உன் தம்பிக்குப் பையன் பிறந்திருக்கிறான், அவனுக்கு எண்ணெய் தேய்க்க ரூத் இல்லாமல் முடியாதாம். ஞாயிற்றுக்கிழமை நான்தான் அவளைச் சர்ச்சுக்குக் கூட்டிப் போகிறேன். பாட்டு எனக்குத் தெரியாது, எழுந்து நின்றால் நிற்பேன், உட்கார்ந்தால் உட்காருவேன். பக்கத்தில் உட்காரும் அம்மா பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போகும்போது ரூத் கூட வந்து செருப்பைப் பார்த்துக்கொள்கிறாள். சாப்பாட்டில் வெண்டைக்காய் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நீ ரூத்தை என்னிடம் கேட்காமல் போனது, கேட்காமலே நான் பார்த்துக்கொள்வேன் என்ற நம்பிக்கையிலா? இல்லை, என் மூத்தார் சொன்ன அந்த 'அவங்க யாரு, நாம யாரு' உனக்கு முன்னமே கேட்டுவிட்டதா? என்னைச் சங்கடத்தில் மாட்ட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாயா? இரண்டாவது என்றால் அது எனக்கு வலிக்கிறது. நீ தயங்கினாய் என்பதற்காக இல்லை. தயங்கும்படி இந்த ஊர் உன்னை வைத்திருந்தது, நானும் அந்த ஊரில்தான் இருக்கிறேன் என்பதற்காக.

போன வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். புது வகுப்பு டீச்சர் என்னைப் பார்த்து, "நீங்க ரூத்தோட அம்மாவா?" என்று கேட்டார். ரூத் யோசிக்கவே இல்லை.

"இவங்க எங்க பெரிம்மா மிஸ். எங்க அம்மா பேரு மெர்சி."

அது அப்படியே இருக்கும், மெர்சி. அவள் வாயில் உன் பெயர் இப்படித் தயங்காமல் வருகிற வீடாக என் வீட்டை வைத்திருப்பேன். அவள் அம்மாவின் இடத்தை நான் கேட்க மாட்டேன். அவள் கூட இருப்பேன். அதை உனக்கு இங்கே, எல்லோர் காதிலும் விழும்படி சொல்கிறேன்.

உனக்கு அக்கா,
உன் மகளுக்குப் பெரியம்மா,
விஜயா